கதவில்லாமல் போன வீடு

யாரிடமும் யோசனை கேட்காமல் இருப்பதுதான் ஆம்பளைக்கு அழகு என்று இருபத்தாறு வயதில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். புது ஊரில்கூட யாரிடமும் வழி கேட்க மாட்டேன். (ஒருமுறை பத்து நிமிஷத்தில் போக வேண்டிய தபாலாபீசுக்கு ஒன்றரை மணி நேரம் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பூட்டிவிட்டார்கள்.) அந்தப் பாழாய்ப்போன குணத்தால்தான் என் மனைவி மரகதத்தை, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவளை, நாலு மாதக் கர்ப்பிணியை, மேலுலகத்துக்கு அனுப்பி வைக்கப் பார்த்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கோலாலம்பூரில் மோட்டார் கார் போனால் ஜனங்கள் நின்று பார்த்த காலம் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நான் ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஒரே ஒரு அறை. அதில் சமையல், படுக்கை, சண்டை, சமாதானம் எல்லாம் நடக்கும். மரகதம் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவள். மலாய் பேசுவாள், சீனமும் அரைகுறையாகப் பேசுவாள், பாசாரில் மீன்காரனை அழ வைப்பாள். நான் ஆபீஸ் இங்கிலீஷும் வீட்டுத் தமிழும் தெரிந்தவன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு எண்ணம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள், "நமக்குன்னு ஒரு வீடு எப்பங்க?" என்று கேட்டாள்.  மூங்கிலைச் சிம்பாகச் சீவி, பசை காய்ச்சி, வர்ணக் காகிதம் ஒட்டி, ஒரு மாடி வீடு செய்து கொடுத்தேன். முழங்கால் உயரம். பலகணி, வளைவு வாசல், சிவப்பு ஓடு, நான்கு பக்கமும் ஜன்னல். வாசல் கதவு மட்டும் தனியாக அட்டையில் செய்தது. திறக்கலாம், மூடலாம். அதில் தங்கக் காகிதம் ஒட்டி, பச்சை மையில் "மரகதம்" என்று எழுதினேன். அவள் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினாள். கண் கலங்கியது. "இதுலயே குடியிருக்கலாம் போல இருக்குங்க" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். பட்டம் தலைக்கேறிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்ததும் காகித வீடு கட்ட உட்கார்ந்துவிடுவேன். மூன்று மாதத்தில் ஐந்து சின்ன வீடுகள். அறையில் கால் வைக்க இடமில்லை. மரகதம் ஒரு பங்களாவைத் தாண்டி அடுப்புக்குப் போக வேண்டும், இன்னொன்றைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்க் குடத்துக்குப் போக வேண்டும்.

"இதையெல்லாம் எங்கயாவது வித்துடுங்களேன்" என்றாள். "எங்க விக்கலாம்னா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"எனக்குத் தெரியும்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த விலைதான் இந்தக் கதை.

முதலில் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோனேன். வளையல்காரருக்கும் பொரிகடலைக்காரருக்கும் நடுவில் ஐந்து வீட்டையும் வரிசையாக வைத்துவிட்டு, குமாஸ்தா கோட்டைக் கழற்றாமல் கம்பீரமாக நின்றேன். கூட்டம் கூடியது. பிள்ளைகள் ஜன்னல் காகிதத்தில் விரலைவிட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தம்பி போட்டு வைக்கிறது?" என்று கேட்டாள். "ஒன்றும் போட்டு வைக்க வேண்டாம், பார்ப்பதற்கு" என்றேன். "அதான் பாத்துட்டேனே" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அடுத்து, வெள்ளைக்கார மாதர்கள் தர்மத்துக்காக நடத்திய கைவேலை விற்பனை. எங்கள் ஆபீஸ் துரை சிபாரிசு செய்தார். அங்கே துரைசாணிகள் பின்னிய காலுறை, லேஸ் துணி, ஜாம் பாட்டில். என் வீடுகளை ஒரு மூலையில் மேஜைக்கு அடியில் வைத்தார்கள். சாயங்காலம் எடுக்கப் போனபோது ஒரு வீட்டுக் கூரைமேல் யாரோ ஜாம் பாட்டிலை வைத்திருந்தார்கள். கூரை அமுங்கிப்போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவதாகத்தான் கிள்ளான். ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீனர் கடையைப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கடை முழுக்கக் காகித வீடுகள்! மாடி வீடு, தோட்டம் வைத்த வீடு, வாசலில் காகித வேலைக்காரர்கள், காகிதக் குதிரை. ஆகா, ரசனை உள்ள ஜனங்கள் இங்கேயல்லவா இருக்கிறார்கள், போயும் போயும் பொரிகடலைக்குப் பக்கத்தில் கடை போட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தச் சாமான்கள் எதற்கு என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஜாதியா நான்?

(சீனர் சவ ஊர்வலத்தை அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். முன்னால் பாண்டு வாத்தியம் போனதால் கல்யாணம் என்று நினைத்து, கைகூப்பி வாழ்த்தும் சொல்லியிருந்தேன். யாரும் திருத்தவில்லை. அவர்களுக்கு அன்று வேறு வேலை இருந்தது.)

அடுத்த வாரம் ஒரு வீட்டை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் மெலிந்த கிழவர். ஜன்னலைத் தடவிப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்றார். நன்றாயிருக்கிறது என்கிற அந்த மலாய் வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும். மீதியைப் பாதிச் சைகையிலும் பாதி மலாயிலும் பேசிக்கொண்டோம். ஒரு பெரிய தவுக்கே வீட்டுக்கு அவசரமாக வேண்டுமாம். தவுக்கே என்றால் சீன முதலாளி. ஐந்தும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நடுவில் வைக்க உயரமாக ஒன்று வேண்டும், இருக்கிறதா என்றார்.

இருக்கிறது என்று என் கை, என்னைக் கேட்காமலே, முழங்கால் உயரம் காட்டிவிட்டது.

சனிக்கிழமை மரகதம் துணி துவைக்கப் போன நேரம் பார்த்து அவள் வீட்டைத் தூக்கினேன். சத்தியமாகத் திருட்டு என்று தோன்றவில்லை. இதைவிடப் பெரிதாக, மூன்று மாடியில் கட்டிக் கொடுத்தால் போயிற்று என்று நினைத்தேன். கதவில் இருந்த பெயரைப் பார்த்தேன். அதையும் அப்படியே விட்டுவிட்டேன். தமிழ் தெரியாதவர்களுக்கு அது ஏதோ பூவேலை மாதிரித் தெரியும் என்பது என் கணிப்பு.

ஆறு வீட்டையும் கிழவரிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கே அவற்றைத் தவுக்கே வீட்டில் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தபோது மரகதம் வெறும் மூலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"என் வீடு எங்கங்க?"

"நாளைக்கு வா, காட்டுகிறேன். பெரிய தவுக்கே வீட்டுக் கூடத்தில் நடுநாயகமாக இருக்கும்."

"வித்துட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

  ஞாயிற்றுக்கிழமை நீலப்புடவை கட்டிக்கொண்டு, ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். எந்தக் கடையில் விற்றேன் என்று ஒருதரம் மட்டும் கேட்டாள். போய்ப் பார்த்ததும் அசந்து போவாள் என்ற நினைப்பில் அதையும் சொல்லாமல் விட்டேன்.

கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து அந்தப் பெரிய வீட்டைக் கண்டுபிடித்தோம். பக்கத்து வெற்றுத் திடலில் ஒரே கூட்டம். தாளமும் சேகண்டியும் ஒலித்தன. நடுவில் என் ஆறு வீடுகளும்! சின்னது ஐந்தும் சுற்றி நிற்க, மரகதத்தின் மாடி வீடு நட்ட நடுவில், தங்கக் கதவு வெயிலில் மின்ன நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"பார்த்தாயா? விழா எடுக்கிறார்கள்!" என்றேன்.

மரகதம் என் கையைப் பிடித்தாள். 

"ஐயோ, இது சாவு வீடுங்க. அவங்க கோணித்துணி கட்டியிருக்கறதப் பாக்கலையா? அதெல்லாம் செத்தவருக்கு. எரிச்சா அவருக்குப் போய்ச் சேரும்னு எரிப்பாங்க. எந்தப் பேரு எழுதியிருக்கோ அவங்களுக்குத்தான் போகும்." தங்கக் கதவைப் பார்த்தாள். "கதவுல என் பேருல்ல இருக்கு."

அவள் வயிற்றில் கை வைத்திருந்தாள். எனக்கு அந்த நம்பிக்கை உண்டா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. எதிரே ஒருவர் தீப்பந்தத்தோடு குனிந்துகொண்டிருந்தார். நான் ஓடினேன். கோட்டு, வேட்டி, தொப்பி அணிந்தபடியே, துக்கம் விசாரிக்க வந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அந்த மாடி வீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டாப்! நிறுத்துங்கள்! பாகுஸ்! பாகுஸ்!" என்று கத்தினேன். (நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று ஒரு சாவு வீட்டில் கத்தியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு மலாய் வார்த்தை அப்போது வாயில் வரவில்லை.)

தாளம் நின்றது. நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் வீட்டை விடவில்லை. பலகணி கையோடு வந்துவிட்டது. தொப்பி தீப்பந்தத்தில் பட்டுக் கருகியது. கடைக்காரக் கிழவர் என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது மரகதம் உள்ளே வந்தாள். யாரையும் இடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. செத்தவரின் மனைவி, தலையில் கோணித்துணி போர்த்திய ஒரு வயதான அம்மாள், தரையில் உட்கார்ந்திருந்தாள். மரகதம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மலாயில் மெதுவாக ஏதோ சொன்னாள். கதவைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள். கடைசியில் என்னைக் காட்டினாள்.

அந்த அம்மாள் எழுந்து வந்தாள். கதவையே உற்றுப் பார்த்தாள். பிறகு போட்டாள் பார் ஒரு சத்தம்! திடலே நடுங்கியது. என்னைக் கொன்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சத்தம் போட்டது என்னைப் பார்த்து அல்ல, உள்ளே இருந்த சவப்பெட்டியைப் பார்த்து. அவள் சொன்னதை மரகதம் பிறகு எனக்குச் சொன்னாள்: "நாப்பது வருஷமா இந்த மனுஷன வெளியில போகவிடாம வீட்டுக்குள்ள காபந்து பண்ணி வெச்சிருந்தேன். மேல போற அன்னைக்கே வாசக்கதவுல வேற பொம்பள பேரா?"

சொல்லிவிட்டு அந்தக் கதவை ஒரே இழுப்பில் பிய்த்தாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. மரகதம் அவளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். உடைந்த பலகணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அத்தனை வெட்கம் என் ஆயுசில் பட்டதில்லை.

வீட்டைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். செத்தவருக்கு வைத்ததை உயிரோடு இருப்பவர் எடுத்துப் போகக் கூடாதாம். அந்த அம்மாள் கதவை மட்டும் மரகதத்தின் கையில் வைத்தாள். கெட்டது தொடராமல் இருக்கச் சிவப்புத் தாளில் சுற்றிய மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்தாள். நூலை மரகதத்தின் விரலில் அவளே கட்டிவிட்டாள். பிறகு தீ வைத்தார்கள். முதலில் ஓடு, பிறகு ஜன்னல். மரகதம் கடைசிவரை நின்று பார்த்தாள்.

 ரயிலில் நான் மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே அழுதேன். பெட்டாலிங் தாண்டியதும் அவள் மடியிலிருந்த கதவைப் பார்த்தபடி சொன்னாள்: "பாவம், அந்தத் தவுக்கே கதவில்லாத வீட்டுல எப்படித்தான் தூங்குவாரோ."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் கடைக்காரக் கிழவர் ஆள் அனுப்பினார். அந்த அம்மாளுக்கு என் ஜன்னல் வேலை பிடித்துப்போய்விட்டதாம், நூறாம் நாள் சடங்குக்கு ஒரு வீடு வேண்டுமாம். நான் மரகதத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டேன்.

"நான் அன்னிக்கே சொல்ல வந்தது அந்தக் கடைதாங்க" என்றாள். "அங்கதான் உங்க கைவேலைக்கு மதிப்பு. ஆனா எதுக்குன்னும் சொல்லியிருப்பேன் லா."

அதற்கப்புறம் பல வருஷம் அந்தக் கடைக்கு வீடு கட்டிக் கொடுத்தேன். கதவில் பெயர் எழுதியதில்லை. அன்று வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்தான், அவனுக்குப் பின் மூன்று பேர். தங்கக் கதவை மரகதம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். குவார்ட்டர்ஸில் மழைக்கு ஒழுகினால், "எனக்கு மேல மாடி வீடு இருக்கு, தவுக்கே குடியிருக்காரு" என்பாள். நான் ஏதாவது முடிவெடுத்துவிட்டு வந்து நின்றால் பிள்ளைகள், "அம்மாகிட்ட கேட்டீங்களா, இல்ல கதவு மட்டும்தான் வருமா?" என்பார்கள். இன்றைக்கு என் பேரன் மனைவியும் அதையே சொல்கிறாள்.

மரகதம் போன வருஷம் காலமானாள். சுடுகாட்டில் எல்லாம் முடிந்து கொள்ளி வைக்கிற நேரம், பெரியவன் வேட்டி மடியிலிருந்து அந்தக் கதவை எடுத்தான். தங்கம் மங்கிவிட்டது. பச்சை எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. நான் பதறி அவன் கையைப் பிடித்தேன். பழைய பயம்.

அவன் என் காதோரம் குனிந்து, "இந்தத் தடவை தப்பில்லப்பா" என்றான்.

நான் வாங்கி அவள் நெஞ்சின்மேல் வைத்தேன்.