மஞ்சள் துணி கட்டிய வழி

முன்னால் ஓடுகிறவளுக்கு வழி தெரியும் என்று நம்புவது மனித குலத்தின் பழைய வியாதி. அந்த வியாதியால் பாதிக்கப்பட்ட ஒரு கூட்டம் பெண்களிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை. பாதிப் பேர் என் கைப்பேசி எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கோல சிலாங்கூர் மாவட்டத்தில், காடுமேடு தாண்டி ஓடும் குறுக்கோட்டம் என்றால் நான்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. (கிளப்பிவிட்டது யார் என்று கேட்காதீர்கள்.) மாவட்டப் போட்டியில் முதலில் வருகிறவளுக்கு மாநிலக் குழுவில் இடம். இடம் கிடைத்தால் ஸ்டீபிள்சேஸ் பயிற்சியும் உண்டு. கட்டையைத் தாண்டித் தண்ணீர்க் குழியில் குதித்து ஓடும் அந்த ஓட்டத்தின் மேல் எனக்குப் பைத்தியம். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலைத் தாண்டித் தாண்டியே வளர்ந்தவள் நான். அடுத்த வருடம் வயது கடந்துவிடும். விட்டால் போச்சு.

போட்டி நாங்கள் முன்பு குடியிருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்திலேயே நடந்தது. நாங்கள் புஞ்சாக் ஆலாமுக்குக் குடிபோய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடிவிடுவேன் என்று பேருந்து முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் என் தங்கை மாலதி தூங்கிக்கொண்டு வந்தாள். பள்ளிக் குழுவுக்கு ஆள் போதவில்லை என்று சார் அவளையும் பிடித்துப் போட்டிருந்தார். பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டால் ஒழிய ஓடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அதே காலையில் அதே தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. நான் ஜெயிக்க வேண்டும் என்று அம்மா அங்கே பால்குடம் எடுத்தார். இது எனக்குத் தெரியும். ஊர்வலம் வரும் பாதையில் மரத்துக்கு மரம் மஞ்சள் துணி கட்டுவார்கள் என்பதும் தெரியும். போட்டி வழிக்கு மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கிறோம் என்று சார் சொன்னதையும் கேட்டேன். இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்கிற மூளை மட்டும் அன்று வேலைக்கு வரவில்லை.

விசில் ஊதியதும் பாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் என் பின்னால். மாலதி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு முச்சந்தி. அங்கே நின்று வழிகாட்ட வேண்டிய ஆசிரியர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார் போலும். (அவருக்கும் அவசரம் வராதா?) இடப்பக்கம் நூல் மாதிரி ஒரு ரிப்பன். வலப்பக்கம் அகல அகலமாக மஞ்சள் துணி, வேப்பிலையோடு. இந்த வருடம் ஏற்பாடு பிரமாதம் என்று மெச்சிக்கொண்டே வலப்பக்கம் திரும்பினேன். வேப்பிலை எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. ஓடுகிறவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கட்டியிருப்பார்கள் என நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

உறுமி மேளம் கேட்டது. எனக்குத்தான் வரவேற்பு என்று வேகத்தைக் கூட்டினேன்.

அடுத்த வளைவில் ஊர்வலத்தின் வாலில் போய் முட்டாத குறையாக நின்றேன். பின்னால் வந்த மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி மோதி நின்றார்கள். உறுமி நின்றுவிட்டது. மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு அம்மா. குடம் சாயும் என்பதால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார்.

"ஜெயிச்சிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. இது எங்க போற வழி?"

"கோயிலுக்குப் போற வழிலா. நீ எங்க போற?"

கோயில் தலைவர், ஏதோ பள்ளிக்கூடம் தொண்டு செய்ய வந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி எல்லாருக்கும் மோர் கொடுத்தார். இரண்டாவதாக ஓடி வந்த பெண் இரண்டாவது கோப்பையைக் குடித்துக்கொண்டே, முடிவுக்கோடு எங்கே என்று என்னை நிதானமாகக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாநிலம் போச்சு, ஸ்டீபிள்சேஸ் போச்சு. அந்த வலி வேடிக்கையானதல்ல.

மாலதியின் கதையை அவள் சொல்லித்தான் கேட்டோம். யார் முதுகும் தெரியாத தூரத்தில் ஆடி அசைந்து வந்ததால், அவள் முச்சந்திக்கு வருவதற்குள் ஆசிரியர் திரும்பிவிட்டார். இடப்பக்கம் கை காட்டினார். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த வழியாக வந்ததற்கு அடையாளமாகக் கையில் ரப்பர் வளையம் மாட்டி ஆசிரியர்கள் கைதட்டியிருக்கிறார்கள். கடைசியாக வருகிறவளைக் கேலி செய்கிறார்கள் என்று இவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கோபத்தில் வாழ்க்கையிலேயே முதன்முறையாக உண்மையாக ஓடியிருக்கிறாள். எல்லைக்கோட்டைத் தொட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கக்கா எங்க சார்?"

எங்கள் யார் கையிலும் வளையம் இல்லை. பள்ளிகள் சண்டை போட்டுப் பார்த்தன. வளையம் இருப்பவளுக்கே வெற்றி என்று நடுவர் முடித்துவிட்டார்.

பேருந்தில் மாலதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீயே போக்கா. எனக்கு வேணாம்," என்றாள். நிஜமாகவே சொன்னாள். அதுதான் என்னை இன்னும் அழ வைத்தது. கொடுக்கல் வாங்கல் செய்கிற சமாச்சாரமா அது? போய்த் தொலை என்று நானே துரத்திவிட்டேன். பயிற்சிக்குப் போனவளுக்குத் தண்ணீர்க் குழி பிடித்துப்போய்விட்டது. இன்று சிலாங்கூருக்காக ஸ்டீபிள்சேஸ் ஓடுகிறாள், பதக்கமும் வாங்குகிறாள். நான் புக்கிட் செந்தோசாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறை நாளில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு அரங்கம் அரங்கமாக அலைகிறேன்.

போன முறை அவள் தங்கம் வாங்கியபோது ஒரு பையன் கைப்பேசியை நீட்டி, இந்தத் துறைக்கு வர உங்களுக்கு வழிகாட்டி யார் என்று கேட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே மாலதி சொன்னாள்: "எங்க அக்காதான். அவங்க போன பக்கம் நான் போகல."

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுகிறார். நான் தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்துத்தான் போடுகிறார்.