தெர்மாமீட்டர் அண்ணன் மறைத்த காய்ச்சல்

ஊரார் காய்ச்சலையெல்லாம் தன் காய்ச்சலாக நினைத்த மனிதர் காரைக்குடியில் ஒருவர்தான் இருந்தார். பத்திரம் எழுதும் எங்கள் அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேஜைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போட மட்டும்தான் பயன்பட்டது. மற்ற நேரமெல்லாம் அவர் தெர்மாமீட்டர் அண்ணன்.

சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். வந்தவர் தும்மினால் போதும், பத்திரம் அப்படியே நிற்கும். ஒருமுறை சிங்கம்புணரியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். அடித்துக்கொள்ளாத குறை. இவர் இருவர் கக்கத்திலும் மாறி மாறி தெர்மாமீட்டரைச் சொருகி அசையாமல் உட்கார வைத்தார்.

"தம்பிக்கு நூத்தி ரெண்டு. காச்சக்காரன்ட்டயா கையெழுத்து வாங்குவீக? போயி ரத்தத்தக் குடுத்துப் பாருங்க."

அண்ணன்காரர் தம்பியைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். பாகம் பிரியவே இல்லை. முதலாளி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் உண்டு. தச்சு வேலைக் குடும்பம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் மதுரையில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. உளி பட்டால் ரத்தம் நிற்காது என்பதால் பட்டறையை விட்டுவிட்டு எழுத வந்தார். 'காய்ச்சல் வந்தால் நீயாக மாத்திரை போடாதே, கிருமி வால்வில் உட்கார்ந்திருக்கலாம், முதலில் ரத்தப் பரிசோதனை' என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். முப்பது வருடம் அதைத் தானும் காப்பாற்றினார், கண்ணில் பட்டவர்களையும் காப்பாற்ற வைத்தார்.

அவர் மகள் கல்யாணம் வந்தது. கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பந்தக்கால் ஊன்றிய அன்று அவர் கையைப் பிடித்தேன். அனலாகக் கொதித்தது.

"அண்ணே, எத்தன நாளா இருக்கு?"

"நாலு நாளா. சத்தம் போடாத. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்கப் போட்டுருவாக. கல்யாணம் நின்னுரும். நீ மருந்துக் கடையில ஏதாச்சும் வாங்கியா."

"நீங்களா சொல்றீக?"

"நாந்தேன் சொல்றேன்."

கடைக்காரர் எடுத்துத் தந்த கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. தாலி கட்டும்போது சிரித்துக்கொண்டு நின்றார். பத்தாம் நாள் மூச்சு வாங்கி விழுந்தார்.

மதுரையில் டாக்டர் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "முன்னெல்லாம் வால்வுல கிருமி பிடிக்கிற இந்த நோயோட சின்ன வயசுக்காரங்கதான் நிறைய வருவாங்க, சொந்த வால்வு கெட்டு. இப்ப வயசானவங்க, ஏற்கெனவே வால்வு மாத்தினவங்க. அப்ப மருந்து முடியட்டும்னு வாரக்கணக்கா காத்திருப்போம். இப்ப தேவைப்பட்டா சீக்கிரமே அறுத்துடுறோம். ஆனா நீங்க போட்ட மாத்திரையால ரத்தத்துல கிருமி பிடிபடலை. அதுக்குள்ள வால்வைச் சுத்திச் சீழ் கட்டிடுச்சு."

"அப்ப சின்னப் பயலா ஒரு தடவ, பெரியாளா ஒரு தடவ, ரெண்டு கணக்குலயும் நான் வந்துட்டேனா டாக்டர்?" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைக் குனியச் சொன்னார்.

"மாத்திரைய நானே கடைக்குப் போயி வாங்குனேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நீ ஒளறிறாத."

"அண்ணே..."

"எம் பிள்ள உன்னயச் சித்தப்பான்னு கூப்பிடுது. கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும்."

வால்வை மாற்றினார்கள். நான்காம் நாள் சிறுநீரகம் நின்றது. ஐந்தாம் நாள் காலையில் அவரும் போய்விட்டார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்தபின் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். வெகு நேரம் அழுதது. "நிறுத்தியிருக்கலாமே, கல்யாணத்த இன்னொரு நாள் வச்சிருக்கலாமே" என்றது. எழுந்து உள்ளே போனது. திரும்பி வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க சித்தப்பா" என்றது.

ஒளறாதே என்று அவர் சொன்னதை வீட்டில் ஒருமுறை, இந்தப் பத்திரிகையில் ஒருமுறை என்று இரண்டு தரம் மீறிவிட்டேன். அண்ணன் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். வந்து திட்டினால் தேவலை.