போச்சு அண்ணையின் மருமகன்

ஊருக்கு ஒரு வைரவர் கோயில் இருக்குதோ இல்லையோ, ஒரு போச்சுக்காரர் கட்டாயம் இருப்பார். அவரைத் தேடிப் போகத் தேவையில்லை. ஒரு புது வாளியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஒழுங்கையால் வந்தால் போதும், எங்கிருந்தோ வந்து முன்னால் நிற்பார். வாளியை வாங்குவார். தண்ணீர் ஒழுகுமோ, கைபிடி தாங்குமோ என்றெல்லாம் பார்க்கமாட்டார். கவிழ்ப்பார். அடியில் எந்த நாட்டின் பெயர் எழுதியிருக்கிறது என்று கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். வாசித்துவிட்டு, செத்தவீட்டுக்கு வந்த மாதிரி ஒரு மூச்சு விட்டு, "போச்சு! எல்லாம் போச்சு! ஒரு வாளி செய்ய வழியில்லாத நாடாய்ப் போச்சு!" என்பார். அதற்குப் பிறகு அந்த வாளியை நீங்கள் களவெடுத்த வாளி மாதிரி மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவீர்கள்.

இந்த இனம் எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் நன்றாகச் செழிக்கும். ஏனென்றால் இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள். கட்டினவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் கட்டினவர்களின் பேரன், பூட்டன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை எண்ணினால், அந்தக் கப்பல்களில் சாமான் ஏற்ற இடமே இருந்திருக்காது. அவ்வளவு பேர் ஏறி நின்று கட்டியிருக்கிறார்கள்.

இறுப்பிட்டி இராசநாயகத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அவர் போச்சு அண்ணை. மாத்தறையில் கடை வைத்திருந்த மனிசர். அந்தக் கடையில் அவர் விற்றதில் முக்கால்வாசி வெளிநாட்டுச் சாமான். அதைப் பற்றி ஆரும் வாய் திறந்தால், "அது வியாபாரம், இது கவலை" என்று இரண்டையும் வேறு வேறு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அவருடைய பூட்டன் கப்பல் கட்டினவராம். பூட்டனுடைய பெண்சாதிக்குத் தமக்கை வழி ஆட்கள் இன்னும் வேலணையில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் கதை வேறு. பூட்டன் கப்பல் கட்டவில்லை, கட்டினவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினவர். ஒரேயொரு முறை கப்பலைக் கடலில் இறக்கும்போது கயிறு பிடித்தார். அன்றைக்குத்தான் கயிறும் அறுந்தது.

ஆனால் கவிழ்த்துப் பார்ப்பதில் பூட்டனுக்குப் பூட்டன் இவர். தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் கோப்பைக்குள் தேத்தண்ணி இருக்கிறதை மறந்து கவிழ்த்து, வேட்டியோடு தொடையையும் சுட்டுக்கொண்டார். செத்தவீட்டில் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தவரை எழும்பச் சொல்லிக் கதிரையைக் கவிழ்த்தார். "பாரும், இருந்து அழுகிறதுக்கும் வெளிநாட்டான்ர கதிரை!" என்றார். அழுதவர் சிரித்துவிட்டார். பிறகு அந்த வீட்டாருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, இவர் தன்ர வீட்டில் ஒரு ஆணியாவது அடிப்பாரோ? முற்றத்துப் பைப் எப்போதிருந்தோ ஒழுகுகிறது. பைப்புக்குக் கீழே ஒரு வாளி. அந்த வாளியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

இப்படிப்பட்டவருடைய வீட்டுக்குக் கூப்பிடுதூரத்தில் ஒரு இளம் பெடியன் பட்டறை திறக்கிறான் என்று வையுங்கள். இரும்பு கடைகிற லேத் மெசின் போட்டு, வள்ளத்து எஞ்சினுக்குச் சாஃப்ற், கிணற்றுக்குக் கப்பி, வாசலுக்குக் கேற், தேங்காய்க்குத் திருவலை என்று எல்லாம் செய்கிறான். போச்சு அண்ணை குளிர்ந்துபோவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பாவம் நீங்கள்.

அந்தப் பெடியன் பிரசாந்தன். தம்பிராசாவின் மகன். தம்பிராசா, இராசநாயகத்தாரின் பெண்சாதி சத்தியபாமாவுக்கு ஒன்றுவிட்ட தமையன். ஆகவே இராசநாயகத்தாரின் ஒரே மகள் சயந்தினிக்குப் பிரசாந்தன் மச்சான் முறை. இந்த முறையை மறக்காமல் வைத்திருங்கள். சயந்தினி மறக்கவில்லை.

பட்டறை திறந்த புதிதில் இராசநாயகத்தார் போனார். ஒரு திருவலையைத் தூக்கினார்.

"எங்கயடா செய்தது?"

"இஞ்சதான் மாமா. நேற்று நீங்கள் உந்த வாசலில நிண்டு எல்லாம் போச்சு எண்டு சொல்லேக்கதான் அடிச்சுக்கொண்டு நிண்டனான்."

கவிழ்த்தார். அடியில் வெறும் இரும்பு.

"ஒண்டும் எழுதேல்லையே!"

"தேங்காய் வாசிச்சுப் பாக்காது மாமா."

"ஊர் பேர் இல்லாத சாமானை எப்பிடியடா நம்புறது?" என்று வைத்துவிட்டு, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், அடியில் நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் உள்ள திருவலை ஒன்றை வாங்கிவந்தார். அதன் பல்லு இரண்டாம் தேங்காயிலேயே மடங்கியது. நிமிர்த்துவதற்குச் சத்தியபாமா அதைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துப் பிரசாந்தனிடம் கொண்டுபோனா. நிமிர்த்தித் திருப்பி எடுத்துவந்தது சயந்தினி. எடுத்துவரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஒரு மத்தியானம், மனிசன் சோற்றைக் குழைக்கிற நேரம் பார்த்துச் சத்தியபாமா கதையைத் தொடங்கினா.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்குத் தம்பிராசண்ணையின்ர பெடியனில விருப்பமாம்."

கை சோற்றுக்குள் நின்றது. "அந்தக் கிறீஸ் அப்பின கைக்காரனிலயோ?"

"நீங்கள்தானே காலமை சொன்னனீங்கள், இந்தக் காலத்துப் பெடியளுக்கு ஒரு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது எண்டு. அவன் பிடிக்கிறானே!"

"அது நாட்டைப் பற்றின கதை. இது வீட்டைப் பற்றின கதை. கந்தோரில மேசைக்கு முன்னால வேலை செய்யிற பிள்ளையைக் கொண்டுபோய்க் கறுத்தக் கையில பிடிச்சுக் குடுக்கிறதோ?"

"நாடு வேற, வீடு வேறயோ அப்பா?" என்று சயந்தினியின் குரல் வந்தது.

"நீர் குசினிக்குள்ள போம் பிள்ளை!"

"குசினிக்குள்ள நிண்டுதான் கதைக்கிறன். கட்டினா அவரைத்தான் கட்டுவன். இல்லாட்டி இப்பிடியே இருந்திடுவன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் இராசநாயகத்தார் பயந்திருக்கமாட்டார். அவள் குழம்பை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

அன்று பின்னேரமே கனடாவில் இருக்கிற தங்கச்சி கேதீஸ்வரிக்குப் போன் போனது. கேதீஸ்வரி கலியாணம் பொருத்துவதில் ஒரு தனிப் பட்டறை. கிழமை முடிய முதல் ஒன்றைச் செய்து தந்துவிட்டா.

"அண்ணை, என்ர மனுசன்ர மருமகன் முறை. பேர் பிரவீனன். பிளேனுக்குப் பாகம் செய்யிற கொம்பனியில வேலை."

அடுத்த நாள் சந்தி முழுக்க அதே கதை. "எங்கட ஆளின்ர கை படாட்டி அங்க ஒரு பிளேன் எழும்பாது, கண்டியளே! கப்பல் கட்டின மூளை இப்ப ஆகாயத்தில நிக்குது!" சாதகம் போனது. சாத்திரியார் பார்த்தார். பொருத்தம் அந்த மாதிரி. சயந்தினி வாயே திறக்கவில்லை. பட்டறைப் பக்கம் பார்த்த யன்னலைத் திறந்தாள், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் போனில் முகம் பார்த்துப் பேச்சு. வேலைக்கு இடையில் தேத்தண்ணி நேரத்தில் பிரவீனன் கதைத்தான். நீலக் களிசான் சட்டை. முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மெசின். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"இஞ்சாருங்கோ, உது எங்கட பிரசாந்தன் வைச்சிருக்கிற மெசின் மாதிரியெல்லோ கிடக்கு?" என்றா சத்தியபாமா.

"விசர்க்கதை கதையாதையும். அது கனடா மெசின்."

"கையில என்ன கறுப்பாய்?"

இராசநாயகத்தார் ஒருகணம் யோசித்தார். "குளிருக்குப் பூசுறது" என்றார்.

பிரவீனன் நல்ல பெடியன். கள்ளம் கபடம் இல்லாமல் மனதில் உள்ளதைச் சொன்னான்: "மாமா, எனக்கு இந்தப் பனியோட இனி ஏலாது. கலியாணம் முடிய அங்கயே வந்து, உங்கட வளவுக்குள்ள ஒரு பட்டறை போடுவம் எண்டு நினைக்கிறன். ஊரில தொழில் எல்லாம் போச்சு எண்டு நீங்கள் சரியாய்க் கவலைப்படுறனீங்களாம். கேதீஸ் மாமி சொன்னவ."

இராசநாயகத்தார் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அவர் வாழ்க்கையில் அடியைப் பார்க்காமல் கவிழ்த்தது அது ஒன்றைத்தான்.

"லைன் கிளியரில்லை" என்றார். இருட்டுப்பட முதல், "சாதகத்தை வடிவாய்ப் பார்த்தா செவ்வாய் இருக்கு" என்றார்.

"போன கிழமை அந்தச் செவ்வாய் எங்க போய் நிண்டது?" என்று சத்தியபாமா கேட்டா.

அதற்குப் பிறகு சில நாள் அந்த வீட்டில் பைப் ஒழுகுகிற சத்தம் மட்டும்தான். சயந்தினி கந்தோருக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், அந்த யன்னலடியில் போய் நின்றாள். பெற்றவளுக்குத் தாங்குமோ? ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியபாமா கொடியில் காய்ந்த போர்வையை எடுத்து மடித்துக்கொண்டு, போர்வைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னா: "தம்பிராசண்ணையின்ர பெடியனும் கனடாவுக்குப் போகப்போறானாம். லேத் வேலைக்கு அங்க ஆள் எடுக்கினமாம்."

இதில் எவ்வளவு உண்மை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. முகம் போர்வைக்குப் பின்னால் இருந்தது.

இராசநாயகத்தார் குளித்தார். தங்கச்சி அனுப்பிய புதுச் சேட்டு ஒன்றைப் போட்டார். திருநீறு பூசினார். பட்டறைக்குப் போனார். சத்தியபாமா மாமி முதலே ஆள் விட்டுச் சொல்லியிருந்தபடியால், பிரசாந்தனும் ஒரு சுத்தமான கதிரையைத் துடைத்துப் போட்டிருந்தான்.

"தம்பி, போறீராம்?"

பார்த்தீர்களோ! அதுவரைக்கும் "டா" போட்ட வாய்.

"யோசினை இருக்கு மாமா."

"யோசிக்க என்ன இருக்கு? உம்மட தொழிலுக்கு அங்க ராச மரியாதை."

"இஞ்சயும் கொஞ்சம் தந்தா இஞ்சயே நிண்டிடுவன்."

"சீ, அப்பிடிச் சொல்லாதையும்!" என்று பதறினார். பிறகு கிட்டப் போய் பிரசாந்தனுடைய வலக்கையைப் பிடித்தார். புறங்கையைப் பார்த்தார். மெல்லத் திருப்பினார். உள்ளங்கை முழுக்கக் கிறீஸ். ரேகை எல்லாம் கறுப்பு. அதில் ஒரு நாட்டின் பெயரும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் இந்தமுறை அவர் என்னவோ வாசித்துவிட்டார்.

"தொழில் தெரிஞ்ச கை" என்றார். "கப்பல் கட்டின பரம்பரைக்கு ஏத்த கை."

கலியாணம் நடந்தது. பந்தலில் தாலி வைத்த தட்டத்தைக் கவிழ்த்துப் பார்க்கப் போனவரைச் சத்தியபாமா கையில் பிடித்து இருத்தினா. மருமகன் போவதற்கென்று அவர் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கினார். அது இப்போது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது, சயந்தினி அதற்குள் பிள்ளையின் சின்னச் சட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறாள். ஓம், பிள்ளையும் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கையில் கொடுத்ததும் தாத்தா ஒருக்கால் மெல்லத் திருப்பிப் பார்த்ததாக நேர்ஸ்மார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"மருமகன் எப்ப போறார், அண்ணை?" என்று சந்தியில் கேட்பார்கள்.

"மாரி முடியட்டும்" என்பார். மாரி முடிந்தால், "அங்க இப்ப சரியான குளிராம்" என்பார். அவருக்கே தெரியாதோ, தெரிந்துதான் சொல்கிறாரோ, சத்தியபாமாவும் கேட்பதில்லை.

இப்போது பட்டறை வாசலில் அவருக்கென்று ஒரு கதிரை நிரந்தரமாய் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் உடைந்த சாஃப்ற்றோடு வருகிறவர்களை மறித்து, சாஃப்ற்றைப் புரட்டிப் பார்த்து, இந்த நாட்டில் ஒருதருக்கும் ஒன்றும் செய்யத் தெரியாமல் போன கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார். உள்ளே மெசின் ஓடுகிற சத்தத்தில் வந்தவனுக்கு ஒன்றும் கேட்காது. போன கிழமையும் அப்படித்தான். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"தம்பி! உந்த மெசினை ஒருக்கால் நிப்பாட்டும்! நாட்டில தொழில் எல்லாம் நிண்டுபோன கதை சொல்லிக்கொண்டிருக்கிறன்!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லாய்ச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெடியனோ பெட்டையோ இருக்கும். "நான் பட்டறை போடப்போறன்" என்று அது சொன்ன அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இங்கே ஒருதரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று. கையில் இருக்கிற இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் முதல் கவிழ்த்து, எங்கே அச்சடித்தது என்று பார்த்தீர்களே, அதைக் கண்டாகிவிட்டது. வாருங்கள். போச்சு அண்ணைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை கிடக்கிறது. இருக்க முதல் அதையும் ஒருக்கால் கவிழ்த்துப் பாருங்கள்.