அறையை அடைக்க ஒரு கம்ப்யூட்டர்

"இனிமே எல்லாரும் ஒரே வீட்டுலதாம்பா. மாசக் கடைசியில இருந்து. இவர்கிட்ட நான் மெதுவா சொல்லிக்கிறேன்."

சமையலறையில் மனைவி தன் அப்பாவோடு போனில் பேசியது காதில் விழுந்ததும் வரைபடக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டிலேயே உட்கார்ந்து கட்டடங்களுக்குப் படம் போடுகிறவர். பழைய கம்ப்யூட்டர் காலையில்தான் உயிரை விட்டிருந்ததால் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் யாரோ ஒருவருடைய மாடிப்படியைக் குளியலறைக்குள் இறக்கிவிட்டார்.

மாமனார் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. மருமகன் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினால்கூட, "கண்ணாடியப் பாத்து ரிவர்ஸ் எடுங்க மாப்பிள்ளை" என்பார். அவர் இரண்டு நாள் வந்து தங்கினாலே இவருக்குக் கோடு கோணலாகும். நிரந்தரமாக என்றால் பிழைப்பே போய்விடும்.

நல்லவேளை, வீட்டில் இருந்தது ஒரே ஒரு காலி அறை.

"இந்தத் தடவை லேப்டாப்பா வாங்குங்க," என்றாள் மனைவி. "எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம்."

அறையைக் காலியாக வைத்திருக்கப் பார்க்கிறாள் என்று இவருக்குப் புரிந்துவிட்டது.

"டெஸ்க்டாப்தான் வேணும். அந்த அறையிலதான் வைக்கணும்."

"கட்டில் பக்கத்துல மூலையா வச்சுக்குங்க."

"மூலை பத்தாது. ரெண்டு திரை, பெரிய மேசை. கட்டில் இருந்தா இடிக்கும்."

"அப்ப கட்டில யாருக்காவது குடுத்துடலாம்."

இவர் திடுக்கிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. பெரியவரைத் தரையில் படுக்க வைக்கத் திட்டம் போலிருக்கிறது. தரையையும் விடக்கூடாது என்று சுவருக்குச் சுவர் ஒரு மேசை செய்யச் சொன்னார்.

"கழட்டி மாட்டுற மாதிரி சொல்லுங்களேன்," என்றாள் அவள், ஒரு மாதிரி தயங்கி.

அதைக் கேட்டதும் இவர் தச்சரிடம் மேசையைச் சுவரோடு சேர்த்து அடிக்கச் சொல்லிவிட்டார்.

மேசை வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். நுழைத்து அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, நாற்காலிக்குப் போக வேண்டுமென்றால் மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கிற மனிதர் தன் அறைக்கு வழி விட மறந்துவிட்டார். முழங்கால் எரிந்தது, ஆனாலும் மனசுக்குள் ஒரே குளிர்ச்சி. இனி இதில் ஒரு தலையணைகூட நுழையாது.

கம்ப்யூட்டரைப் பொருத்த வந்த கடைக்காரர் பெட்டியோடு வாசலில் நின்று அறையைப் பார்த்தார். பேயறைந்தவர் போலாகிவிட்டார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றார் வரைபடக்காரர், மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி.

"இல்ல சார், நேத்தும் இதே கூத்துதான். ஒரு பெரியவர் வீடு. பொண்ணும் மாப்பிள்ளையும் மாசக் கடைசியில நிரந்தரமா தங்க வர்றாங்களாம், படுக்க இடமில்லாம டெஸ்க்டாப்பும் மேசையுமா அறைய அடைச்சுக் குடுங்கன்னாரு. பெட்டியத் தூக்கிட்டு நான் பின்னால நகந்தா, கண்ணாடியப் பாத்து ரிவர்ஸ் எடுங்கன்னு வேற சொல்றாரு."