யூரோப்பா மறைந்த அந்தியில் பக்கீரின் வயிற்றுக்குத்து

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்த கையோடு, இன்றைக்கு ஒரு பொய் சொல்வது என்று பக்கீர் முடிவெடுத்தார். அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை.

பக்கீர் திருகோணமலைத் துறைமுகத்தில் மின்சார வேலை பார்ப்பவர். பகலெல்லாம் ஊருக்கு வெளிச்சம் போடுவார். பொழுது பட்டால் வெளிச்சத்தைக் கண்டு எரிந்து விழுவார். காரணம், மொட்டைமாடியில் நிற்கும் தொலைநோக்கி. வியாழனின் நிலவுகளில் ஒன்று இன்னொன்றை மறைக்கும்போது சில நிமிடங்களுக்கு வெளிச்சம் குறையும். விடாமல் படம் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்று கணினியில் அளந்தால் கோட்டுப்படத்தில் ஒரு பள்ளம் விழும். ஆறு வருசத்துக்கு ஒருமுறை வரும் காலம் இது. அந்தப் பள்ளத்தைப் பிடித்து, உலகெங்கும் இதையே அளக்கிற ஆட்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. போன இரண்டு தடவையும் பக்கத்து வீட்டு ஸல்ஹாவின் கோழிக்கூட்டு பல்ப் நேரே தொலைநோக்கியின் வாய்க்குள் அடித்து எல்லாவற்றையும் கெடுத்தது.

இன்று அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அயோ என்ற நிலவு யூரோப்பா என்ற நிலவை மறைக்கிறது. இன்றுதான் கிண்ணியாவில் மனைவி றம்லாவின் தங்கை மகளுக்குக் கல்யாண வலீமா விருந்து. ஸல்ஹா குடும்பமும் அதே வேனில் போகிறது. ஆகவே பின்னேரம் பக்கீருக்கு வயிற்றுக்குத்து வந்தது.

"ஏலாது றம்லா. புரட்டி எடுக்குது. நீங்க போங்க."

றம்லா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றுக்குத்துக்கு நெற்றியில் என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கஞ்சி காய்ச்சி மூடி வைத்துவிட்டு வேனில் ஏறினாள். இவ்வளவு லேசாக ஏமாறுகிறாளே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

வேன் போனதும் நோயாளி இரண்டிரண்டு படியாகத் தாண்டி மாடிக்கு ஏறினார். பொழுது பட்டது. வியாழன் பளிச்சென்று நின்றது. கோழிக்கூட்டு பல்பும் பளிச்சென்று எரிந்தது. ஸல்ஹா போகும்போது அணைக்க மறந்துவிட்டாள். வீடு பூட்டியிருந்தது, சுவிட்ச் உள்ளே. துறைமுகம் முழுவதையும் இருட்டாக்கத் தெரிந்த மனிதர் ஒரு கோழிக்கூட்டின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இப்போது வயிறு உண்மையாகவே குத்தியது.

நேரம் நெருங்கிவிட்டது. ஒழுங்கையில் ஏதோ வாகனம் வந்து நின்றது, அவர் கவனிக்கவில்லை. பல்ப் அணைந்தது.

அல்லாஹ்வைப் புகழ்ந்தபடியே படம் எடுக்கத் தொடங்கினார். வெளிச்சம் இறங்கியது, அடிதொட்டது, மெல்ல ஏறியது. கணினியில் பள்ளம் அப்படியே விழுந்திருப்பதைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

றம்லா திரும்பி வரும்போது பக்கீர் கழுத்துவரை போர்த்துக்கொண்டு கிடந்தார். அவளுக்கு முன்னால் புரியாணி வாசம் வந்தது.

"குத்து எப்பிடி?"

"கொஞ்சம் குறைவு."

"பள்ளம் விழுந்திச்சா?"

பக்கீர் எழும்பி உட்கார்ந்தார்.

"காலையில இருந்து மேகம் பாக்கிற வயித்துக்குத்த இண்டைக்குத்தான் கண்டனான்," என்றாள் றம்லா. "கிண்ணியாப் பாலத்தடியிலதான் ஸல்ஹாக்கு பல்ப் ஞாபகம் வந்திச்சு. வேனைத் திருப்பி வந்து, வீட்டுத் திறப்ப வாங்கி, நான்தான் உள்ள போய் பல்ப நூத்தனான்."

இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது என்று பக்கீர் நினைத்தார். அதை அவளிடமே சொன்னார். சொல்லிக்கொண்டே புரியாணிப் பக்கம் கையை நீட்டினார். அவள் பார்சலைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

"ஒரு பல்புக்காகவா வேனைத் திருப்பினாங்க?" என்று கேட்டார்.

"பல்புக்குத் திருப்புவாங்களா? உங்களுக்குக் குத்து கடுமை எண்டு சொன்னன். வலீமா வீட்டில எல்லாரும் உங்களுக்குச் சுகம் வர அல்லாஹ்க்கிட்ட துஆக் கேட்டாங்க. நாளைக்கு ரெண்டு வேன்ல உங்களப் பாக்க வாறாங்க."

கஞ்சிக் கோப்பையை அவர் கையில் வைத்தாள்.

"அவங்களுக்கு நான் ஆட்டிறைச்சி ஆக்குவன். நீங்க அவங்களுக்கு முன்னால இதக் குடிப்பீங்க."