கியாக்டடாவின் ஒரே வம்சம்

கணினி மறுபடியும் அதே பதிலைத்தான் சொன்னது. ஆபித் அதை அணைத்தான், போட்டான், மூடியைக் கழற்றி உள்ளே இருந்த தூசியை ஊதினான், பிஸ்மில்லா சொல்லி இன்னொரு தடவை ஓட்டினான். பதில் மாறவில்லை. ரங்கூனின் கியாக்டடா வட்டாரத்தில் கைவண்டி இழுக்கும் தமிழர் ஒருவரும் அதே வட்டாரத்துப் பர்மியர் ஒருவரும் ஒரே தாய்வழியில் வந்தவர்கள் என்றது. ஒரு ஜோடி என்றால் எந்தக் காலத்திலோ என்னவோ நடந்திருக்கும் என்று விட்டுவிடலாம். திரையில் மேலிருந்து கீழ்வரை ஜோடி ஜோடியாக வந்து நின்றால் என்ன செய்வது?

ஆபித்தின் வேலை இன்னதென்று வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. அவன் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, ஜப்பானிலிருந்து தானமாக வந்த இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அது நான்கே எழுத்துக்களை மாற்றி மாற்றி முழம் முழமாக எழுதித் தள்ளும். அந்த எழுத்துக்களைக் கணினியில் போட்டு, எது எதோடு ஒத்துப்போகிறது, யார் யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பது ஆபித்தின் பாடு. உயிரியல் படித்தவர்கள் அவனைக் கம்ப்யூட்டர்காரன் என்றார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் ரத்தம் பார்க்கிற ஆள் என்றார்கள்.

அவனுக்கு நிச்சயம் செய்திருந்த ருக்சாரின் அம்மா உம்மு சல்மா மட்டும் இந்தக் குழப்பத்துக்குள் போகவே இல்லை.

"அது என்ன வேலையோ இருந்துட்டுப் போகட்டும். பெர்மனென்ட்டுன்னு காகிதம் வரட்டும். அப்புறம் நிக்காஹ் தேதி பேசலாம்."

காகிதம் கொடுக்க வேண்டியவர் டாக்டர் டோ கின் வே யீ. ஆராய்ச்சிக்குத் தலைவி. ஆபித் உட்பட எல்லோருக்கும் அவர் 'ஸயாமா', அதாவது டீச்சரம்மா. அவருக்கு ஆபித் 'கோ நைங்'. அலுவலகத்தில் அவன் பர்மியப் பெயர் அதுதான். ரங்கூனில் வீட்டுக்கு ஒரு பேர், வெளிக்கு ஒரு பேர் என்பது சட்டைக்குள் பனியன் போடுகிற மாதிரி சாதாரண விஷயம். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

அந்த 2009 மழைக்காலத்தில் ஸயாமா கையில் எடுத்த ஆராய்ச்சி, ரங்கூன் தமிழர்களும் பர்மியர்களும் மரபணுவில் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்பது. இரண்டு பக்கமும் ஆள் சேர்த்து, ஆளுக்கு ஒரு ஊசி ரத்தம் எடுத்து, ஒரு அவித்த முட்டையும் ஒரு டின் பாலும் கொடுத்து அனுப்பினார்கள். முடிவைப் பாங்காக் மாநாட்டில் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தால் ஆபித்துக்குக் காகிதம்.

"கோ நைங், இது என்ன? எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்னு வருது?" என்று பர்மிய மொழியில் கேட்டார் ஸயாமா.

"புரோகிராம்ல தப்பு இருக்கலாம், ஸயாமா. சரி பண்றேன்."

சரி பண்ணினான். ஒத்துப்போவதற்கான விதிகளை இறுக்கினான். அதுவரை ஏறக்குறைய ஒத்துப்போன ஜோடிகள் எல்லாம் இப்போது எழுத்துக்கு எழுத்து அச்சாக ஒத்துப்போயின. சந்தேகத்தின் பலன் என்று ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதையும் துடைத்து எடுத்தாயிற்று.

மனசு ஓய்ந்துபோனால் ஆபித் போய் உட்கார்கிற இடம் அப்துல் ரவூப் பாயின் டீக்கடை. சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரம். குட்டை ஸ்டூலில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார வேண்டும். அந்த வருஷம் ஊரில் மற்ற கடைகளில் டீ தண்ணீராக ஓட, பாய் கடை டீ மட்டும் நாளுக்கு நாள் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது. கூட்டம் நடைபாதையைத் தாண்டி பஸ் போகிற ரோட்டுக்கு வந்துவிட்டது. எல்லாம் அவர் நல்ல மனசுக்கு அல்லாஹ் கொடுத்த பரக்கத் என்று ஆபித் நினைத்தான். அவனிடம் பாய் காசே வாங்குவதில்லை.

"படிச்ச புள்ள. நாட்டுக்கு உழைக்கிற புள்ள. உங்கிட்ட போய் வாங்குவேனா?" என்பார்.

ஆபித் நடந்ததைச் சொன்னான். பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது, இந்த எழுத்தெல்லாம் தெரியாது. ஆனா ஒரு விசயத்துல சந்தேகம் வந்தா என்ன செய்யணும் தம்பி? அவசரப்படக் கூடாது. மறுபடி எடுத்துப் பார்க்கணும்."

"மறுபடியா? எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான். பாதிப் பேர்கிட்ட எடுத்தா பாதிச் சந்தேகம் அப்படியே நிக்கும்ல?"

அதில் நியாயம் இருந்தது. பெரிய பெரிய புத்தகங்களிலும் இதைத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் இவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

மறுபடி எடுப்பதற்கு முன்னால், ரத்தம் எடுக்கிற ஜெயம்மாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டான். அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் பழைய நர்ஸ். நரைத்த கொண்டையும் தடித்த கண்ணாடியுமாக இருப்பார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. டியூப் ஏதாவது மாறியிருக்குமா?"

ஜெயம்மா கோவித்துக்கொண்டார்.

"யாரப் பார்த்து என்ன கேக்குற? நீ பொறக்குறதுக்கு முன்னாடி ஊசி புடிச்ச கை இது. வர்றவங்க பேரச் சொல்றாங்க, எழுதி ஒட்டுறேன், நரம்பப் பார்க்குறேன், குத்துறேன். மூஞ்சியக் கூட நிமிர்ந்து பார்க்கறதில்ல. அவ்வளவு கவனம்."

"சரிக்கா. இந்தத் தடவை புது ஆளுங்க மட்டும் வரணும். முன்னாடி வந்த பேர் ஒண்ணுகூட மறுபடி வரக் கூடாது. பழைய பேரா இருந்தா திருப்பி அனுப்பிடுங்க."

இந்த விதியைத் தானே யோசித்துப் போட்டதில் ஆபித்துக்குக் கொஞ்சம் பெருமை. தானே போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றும் நினைத்தான். முடியவில்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நேரத்தில் கணினி முன்னால் இல்லையென்றால் அன்றைய கணக்கு போச்சு. 'மீ லா ப்யி', கரண்ட் வந்தாச்சு, என்று தெரு முழுக்கக் குரல் கேட்டதும் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுகிற பிழைப்பு அது.

புது ரத்தம் வந்தது. புதுப் பெயர்கள் வந்தன. பழைய பெயர் ஒன்றுகூட இல்லை. ஆபித் முடிவைத் திறந்து பார்த்தான். முன்பு ஜோடியாக நின்றவர்கள் இப்போது மூன்று பேராக நின்றார்கள்.

ஸயாமா தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று ஆபித் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது அவர் கண் பளபளத்தது.

"கோ நைங், தப்பு தப்புன்னு சொல்லிட்டே இருக்கோம். இது தப்பு இல்லைன்னா?"

"ஸயாமா?"

"கப்பல் ஏறி வந்தவங்க, இங்கேயே இருந்தவங்க. வேற வேறன்னு நினைச்சோம். பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரே தாய் இருந்திருந்தா?"

அன்றிலிருந்து ஆபித்துக்குத் தூக்கம் போயிற்று. தப்பு என்று ஸயாமா நினைத்தவரை அது வெறும் தப்பு. கண்டுபிடிப்பு என்று நினைக்க ஆரம்பித்தால் அதில் ஆபித்தின் பெயரும் சேரும். நாளைக்கு எவனாவது ஒரு வெளிநாட்டுக்காரன் எழுந்து நின்று ஓட்டையைக் காட்டினால் வேலையும் போகும், மானமும் போகும், ருக்சாரும் போவாள். உம்மு சல்மா இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிற ரகம் இல்லை.

தன் கையிலிருந்துதான் ஏதாவது ஒட்டிக்கொள்கிறதோ என்று தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டிப் பார்த்தான். ஒருவரோடும் ஒத்துப்போகவில்லை. ஊர் முழுக்க ஒரே குடும்பமாக இருக்க, அவன் மட்டும் அனாதையாக ஒரு மூலையில் நின்றான். அதைப் பார்க்க அவனுக்கு அழுகையே வந்தது.

"எனக்கு மட்டும் சொந்தம்னு யாரும் இல்ல, பாய்" என்று கடையில் போய்ச் சொன்னான்.

"நான் இல்லையா தம்பி உனக்கு?" என்றார் ரவூப் பாய். டீயில் டின் பாலை இன்னும் ஒரு சுற்று ஊற்றினார். "நான் ஒண்ணு சொல்றேன். எடத்த மாத்துங்க. இந்த கியாக்டடாக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தம் பண்ணிப் பண்ணி அப்படி ஆயிருக்கலாம். க்யிம்யிண்டைங் பக்கம் போயி எடுங்க. படித்துறை, மார்க்கெட்டுன்னு எங்கெங்கேயோ இருந்து சனம் வந்து கலக்கிற எடம்."

"அங்க நமக்கு யாரையும் தெரியாதே, பாய். ஊசின்னா யார் வருவா?"

"அத எங்கிட்ட விடு. நான் சொல்லி அனுப்புறேன். பர்மாக்காரங்க வேணுமா, நம்மாளுங்க வேணுமா, எத்தன பேர்னு மட்டும் சொல்லு."

இப்படி ஒரு மனிதரா என்று ஆபித் நெகிழ்ந்துபோனான். ஸயாமாவிடம் சொல்லி நன்றிக் கடிதம் ஒன்று கொடுக்க வேண்டும் என்று கூட நினைத்தான்.

க்யிம்யிண்டைங்கில் ஜெயம்மா நிமிராமல் குத்தினார். பெயர் எல்லாம் புத்தம் புதிது. ஆபித் பல்லைக் கடித்துக்கொண்டு கணினியை ஓட்டினான். க்யிம்யிண்டைங் பர்மியர்கள் க்யிம்யிண்டைங் தமிழர்களோடு ஒத்துப்போனார்கள். அந்த இரண்டு தரப்பாரும் கியாக்டடா தமிழர்களோடும் கியாக்டடா பர்மியர்களோடும் ஒத்துப்போனார்கள். கணினி வரைந்த வம்ச மரத்தில் கிளையே இல்லை. நட்டுவைத்த கம்பமாக நின்றது.

ஸயாமா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

"ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து கொடுக்கலையே? மாநாட்டில் முதலில் அதைத்தான் கேட்பாங்க" என்றார்.

"வாய்ப்பே இல்லை, ஸயாமா. எல்லாப் பேரையும் கணினியிலேயே ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். ஒரு பேர்கூட இரண்டு தடவை வரலை."

"அப்போ உன் பேரையும் என் பேருக்குக் கீழே போட்டுடறேன். கையெழுத்துப் போடு."

ஆபித் எடுத்த பேனாவை மறுபடி கீழே வைத்தான். ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனான். ரவூப் பாய் விஷயத்தைக் கேட்டு, ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பயப்படுறியா?"

"பயமாத்தான் இருக்கு, பாய். பொய்யாப் போயிட்டா?"

"ஒரு தடவ எடுத்தீங்க. மறுபடி எடுத்தீங்க. எடத்த மாத்தி எடுத்தீங்க. எத்தன தடவ எடுத்தாலும் ஒரே பதில் வந்தா அது பொய்யாடா? மனுசன் எல்லாரும் ஒண்ணுன்னு நம்ம மார்க்கத்துல சொல்றத உன் மிசின் இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்கு. போய்ப் போடு கையெழுத்த." பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதோட முடிச்சிட மாட்டாங்கல்ல? இன்னும் கொஞ்சம் எடுத்து உறுதி பண்ணிக்கிட்டா நல்லதுதானே."

"எடுக்கிறாங்க, பாய். ஸயாமா பாங்காக் போயிருக்கிறப்பவும் ஜெயம்மாக்கா எடுத்துட்டே இருப்பாங்க."

"அதான் முறை" என்றார் பாய், நிம்மதியாக.

ஆபித் கையெழுத்துப் போட்டான். ஸயாமா, சட்டம் போட்ட வம்ச மரத்தைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

மாநாட்டு நாள் பகலில் ரங்கூனில் கரண்ட் இல்லை. வேலை ஓடாததால் ஆபித் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தான். ஸயாமா பாங்காக்கிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் பண்ணியிருந்தார். கூட்டம் நிரம்பிவிட்டதாம், பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், அடுத்து அவர் பேசப் போகிறாராம். ஆபித்தின் நிரந்தர வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாராம்.

உம்மு சல்மாவுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. ருக்சார் வீட்டில் பாயசம் வைத்தார்களாம். பல வாரங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிப்போனது. ஆபித் காலை நீட்டி, கண்ணை மூடி, டீயை உறிஞ்சினான். அன்றைக்கு டீ அவ்வளவு கெட்டியாக, அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"இந்நேரம் மேடையில பேசிட்டிருப்பாங்க, பாய்" என்றான். "உங்களத்தான் நினைச்சுக்கிட்டேன். நீங்க இல்லேன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல."

"எல்லாம் அல்லாஹ்வோட ஏற்பாடு" என்று ரவூப் பாய் அடக்கமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்து, யாரையோ உள்ளே வர வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. வியர்க்க விறுவிறுக்க வந்த ஒரு கைவண்டிக்காரர். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கைலி மடிப்பிலிருந்து ஒரு டின் பாலை எடுத்துப் பாய்க்கு முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இந்தாங்க பாய். இன்னிக்கு கோ சோ வின்னுன்னு சொல்லி குத்திக்கிட்டேன். நாளைக்கு எந்தப் பேர்ல போகட்டும்?"