ஹெட்செட் வாங்கப் போய்ப் படுத்த கதை

எனக்குப் பயம் அதிகம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட்டாலே முன்னால் நிற்பவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். கடையில் பேச வெட்கப்பட்டு, சாமானை விரலால் காட்டியே வாங்கிப் பழகியவள். (ஒருமுறை விரல் கொஞ்சம் விலகி, சீனிக்குப் பதில் உப்பு வந்தது. அதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.)

அப்படிப்பட்ட என்னைத்தான் மகள் துர்கா போன வருஷம் ஹெட்செட் வாங்க அட்டன் டவுனுக்குக் கூட்டிப்போனாள். போனில் ஐந்து பேர் சேர்ந்து விளையாடும் துப்பாக்கிச் சண்டை அவளுக்கு உயிர். காலடிச் சத்தத்தை வைத்து எதிரி வரும் பக்கத்தைச் சொல்வது அவள் வேலை. பழைய ஹெட்செட்டில் இடமும் வலமும் ஒன்றுதான். மைக்கிலோ, அவள் குரலுக்கு முன்னால் எங்கள் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் விழும் மழைதான் கேட்கும். அவள் தப்பாகச் சொல்லி ஐந்து பேரும் இரண்டு தடவை செத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் இப்படியென்றால் வேறு ஆள் பார்ப்போம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

கடை முதலாளி மூன்று ஹெட்செட்டுகளை எடுத்து வைத்தார்.

"அம்மா, நீங்க போட்டுப் பாருங்க," என்றாள் துர்கா.

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"தெரியாத ஆளுதான் வேணும். எனக்கு இந்தச் சத்தமெல்லாம் மனப்பாடம். கண்ண மூடிக்கிட்டு, சத்தம் வர்ற பக்கம் கையக் காட்டுங்க."

"மைக்கையும் பாத்துருவோம்," என்று முதலாளி அதைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் இணைத்தார். "ஏதாவது பேசுங்க அக்கா."

"வணக்கம்," என்றேன். கடை முழுக்க என் குரல். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

முதல் ஹெட்செட்டில் சத்தமெல்லாம் மண்டைக்கு நடுவில் கேட்டது. என் மூக்கையே காட்டினேன். இரண்டாவது, குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி. மூன்றாவதில் இடது பக்கம் யாரோ நடந்தார்கள். காட்டினேன். பிறகு வலது பக்கம். துர்கா சந்தோஷத்தில் என் தோளை அழுத்தினாள்.

அப்போது பின்னால், தூரத்தில், ஒரு ரீங்காரம். மெல்ல நெருங்கி, வலது காதைச் சுற்றி, பிடரியில் வந்து நின்றது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மலையில் குளவி கொட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கிடந்தேன். கடை, ஹெட்செட், வெட்கம் எல்லாம் மறந்துபோனது.

"குளவி! குப்புறப் படுங்க, தலைய மூடுங்க!"

சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். ஸ்பீக்கர் அதை ஒரு எழுத்து விடாமல் கடை முழுக்கச் சொன்னது. அங்கே பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். குளவிக்கு எப்படிப் படுப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ் தெரியாத ஒரு சிங்கள மஹத்தயா, மற்றவர்கள் படுத்ததைப் பார்த்தே படுத்தாராம்.

ஹெட்செட் நழுவிவிட்டது. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் முதலாளி, தலைமேல் ஓர் அட்டைப் பெட்டியோடு.

"போயிருச்சாக்கா?" என்றார், மெல்ல.

நின்றுகொண்டிருந்தது துர்கா மட்டும்தான், கையில் போனோடு.

"அம்மா, அது கேம்ல பறக்குற ட்ரோன்."

எழுந்திருப்பதைவிட அப்படியே கிடப்பது நல்லது என்று எனக்குப் பட்டது.

முதலாளி சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "காதும் நல்லா இருக்கு, மைக்கும் நல்லா இருக்கு," என்றார். "இதையே கட்டவா?"

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. குழுவில் யாருக்கும் அது கேட்கவில்லை. துர்கா சொன்ன பக்கமெல்லாம் எதிரி வந்தான். குழுவில் அவள் இடம் நிலைத்தது.

இப்போது யாராவது ஹெட்செட் வாங்கி வந்து நல்லதா என்று கேட்டால், அவள் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் வந்து படுத்துப் பாருங்க," என்கிறாள்.